மாங்கனீசு டோப் செய்த ஜிங்க் சல்பைடு ஒளிரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

மதுரைக்கு மேற்கே, சன்னலைத் திறந்தால் நாகமலை தெரிகிற ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்.இ.டி.க்கு நானோ துகள் செய்கிறேன் என்று ஆரம்பித்து, வருடா வருடம் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கோளாறு எப்படிக் கண்ணில் படுகிறதோ அப்படியே எழுதி வைக்கிறேன், உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அதிலிருந்து படியுங்கள்.

நாங்கள் செய்வது தண்ணீர் வழி. 0.1 மோலார் ஜிங்க் அசிட்டேட் 50 மி.லி., ஜிங்க் அளவில் 2 அல்லது 3% மாங்கனீசு அசிட்டேட், துகளை மூடி நிற்க மெர்காப்டோ புரோப்பியோனிக் அமிலம், காரத்துக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொட்டுச் சொட்டாகச் சோடியம் சல்பைடு. சரியாக வந்தால் ஜிங்க் சல்பைடு யு.வி. ஒளியை விழுங்கி அந்த ஆற்றலை மாங்கனீசிடம் கொடுக்கும், மாங்கனீசு 585 முதல் 600 நானோமீட்டருக்குள் அச்சு அசல் கனகாம்பரப் பூ நிறத்தில் ஒளிரும். இப்படி ஒரு படிகத்துக்குள் வேறு அணுவைக் கொஞ்சமாகப் புகுத்துவதற்குப் பாடப்புத்தகத்தில் மாசூட்டல் என்று பெயர், நாங்கள் டோப்பிங் என்றே சொல்கிறோம்.

எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாங்கனீசு துகளுக்கு உள்ளே, ஜிங்க் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இல்லை கரைசலிலேயே நின்றுவிட்டதா? கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்குள்தான் அடங்கும்.

இருட்டில் வைத்தும் ஒளியே இல்லை

முதலில் விளக்கைச் சந்தேகப்படுங்கள், துகளை அப்புறம் பார்க்கலாம். போன வருடம் ஒரு தங்கச்சி மூன்று வாரம் செய்த ஏழு பாட்டிலையும் கொண்டுவந்து வைத்து, "அண்ணே, ஒண்ணுகூட எரியலண்ணே" என்றது. கையில் இருந்தது கள்ளநோட்டுப் பார்க்கிற யு.வி. டார்ச். அது தருவது 365 நானோமீட்டர், அதாவது 3.4 எலக்ட்ரான் வோல்ட். ஜிங்க் சல்பைடின் பட்டை இடைவெளி, அதாவது அது ஒளியை விழுங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், பெரிய படிகத்திலேயே 3.6-க்கு மேல், துகள் 3 நானோமீட்டருக்குச் சுருங்கினால் இன்னும் கூடி, உறிஞ்சல் 310 நானோமீட்டர் பக்கம் போய்விடும். அந்த டார்ச் ஒளி துகளைத் தொடாமலே கடந்து போகும், துகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

254 நானோமீட்டர் விளக்கு வேண்டும், மெல்லிய ஏட்டு வண்ணப்பிரிகைக்கு வைத்திருப்பார்களே அந்தப் பெட்டி போதும். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி பாட்டில் 254-ஐத் தானே விழுங்கிவிடும், பாட்டிலோடு கொண்டுபோய் வைத்தால் மறுபடியும் இருட்டுதான். வடிதாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், அல்லது குவார்ட்ஸ் குவெட்டில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளைப் பிரிண்ட் தாளில் மட்டும் வைக்காதீர்கள், அதில் வெண்மைக்குச் சேர்த்திருக்கிற பொருளே நீலமாக ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றும். 254 கண்ணையும் தோலையும் சுடும், யு.வி. தடுக்கும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அந்த ஏழு பாட்டிலில் ஐந்து அன்றைக்குச் சாயங்காலமே வடிதாளில் ஆரஞ்சாக எரிந்தன. மீதி இரண்டில் வந்தது நீலம்.

நீலம் மட்டும் வருகிறது, ஆரஞ்சு இல்லை

துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைத் தண்ணீரில் நிறையக் கரைத்தது போல மங்கலான நீலம், 420 முதல் 450 நானோமீட்டர் வரை அகலமாகப் படர்ந்திருக்கும். இது ஜிங்க் சல்பைடு தன் படிகக் குறைகளிலிருந்து (அணு விடுபட்ட, இடம் மாறிய இடங்களிலிருந்து) விடுகிற ஒளி. மாங்கனீசு உள்ளே போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஏன் போகவில்லை? ஜிங்க் சல்பைடின் கரைதிறன் பெருக்கம் (இது சிறிதானால் பொருள் சீக்கிரம் வீழ்படியும்) மாங்கனீசு சல்பைடினுடையதைவிடப் பல கோடி மடங்கு சிறியது. சல்பைடு உள்ளே விழுந்ததும் ஜிங்க்தான் முந்திக்கொண்டு படிகமாகும், மாங்கனீசு பின்தங்கி நிற்கும். கலக்கல் சரியில்லாமல், சொட்டு விழுகிற இடத்தில் மட்டும் சல்பைடு குவிந்தால் இது இன்னும் மோசமாகும். சிலர் ஜிங்க் சல்பைடைச் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் மாங்கனீசை ஊற்றுகிறார்கள், அப்படிச் செய்தால் அறை வெப்பநிலையில் அது உள்ளே இறங்க வழியே இல்லை.

ஜிங்க், மாங்கனீசு, மெர்காப்டோ அமிலம் மூன்றையும் ஒரே குடுவையில் முதலிலேயே சேர்த்து அரை மணி நேரம் நைட்ரஜனில் கலக்குங்கள். காந்தக் கலக்கியை நடுவில் சுழி விழுகிற வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, சல்பைடை அந்தச் சுழிக்குள் ஒரே சீராகச் சொட்டுங்கள். ஜிங்க் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே சல்பைடை நிறுத்துங்கள். எல்லாம் முடிந்தபின் மாங்கனீசு கலக்காத ஜிங்க், சல்பைடு இரண்டையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிச் சேர்த்தால் மேலே ஒரு மெல்லிய ஓடு வளரும், மேற்பரப்பில் நின்ற மாங்கனீசும் அப்போது உள்ளே மாட்டிக்கொள்ளும். எங்கள் கையில் ஆரஞ்சை அதிகம் கூட்டிக் கொடுத்த ஒரே வேலை இந்த ஓடுதான்.

இது ஏதோ நம் ஊர் ஆய்வகத்துக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். 2005-இல் எர்வின், எஃப்ரோஸ், நாரிஸ் குழு நேச்சர் இதழில் எழுதியதே இதைப் பற்றித்தான். வளர்கிற துகளின் எந்த முகத்தில் மாசு அணு போய் ஒட்டுகிறது, அடுத்த அடுக்கு வந்து மூடும்வரை அது அங்கேயே நிற்கிறதா என்பதுதான் டோப்பிங் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்கிறது என்று காட்டினார்கள். அதே வருடம் நாராயண் பிரதானும் பெங் குழுவும் ஜிங்க் செலினைடில் வேறு வழியில் போனார்கள்: மாங்கனீசு செலினைடை முதலில் கருவாக்கிவிட்டு அதன் மேல் ஜிங்க் செலினைடை வளர்த்தார்கள். மாங்கனீசு நடுவில் உட்கார்ந்த பிறகுதான் வீடே எழும்புகிறது, வெளியில் நிற்க அதற்கு இடம் ஏது.

உள்ளே இருக்கிறதா மேலே ஒட்டியிருக்கிறதா, தெரியவில்லை

மதுரையில் சுங்குடிச் சேலை கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாயம் நூலில் ஏறியிருந்தால் அலசினாலும் நிற்கும், மேலே படிந்தது முதல் தண்ணீரிலேயே வாளிக்கு வந்துவிடும். தூளை அலசுவதற்கு முன்னும் பின்னும் ஐ.சி.பி.யில் (உலோக அளவைத் துல்லியமாகச் சொல்லும் கருவி) மாங்கனீசு அளவு பார்த்தால் மேலே இருந்தது எவ்வளவு என்று தெரியும். கரிமக் கரைப்பானில் சூடாகச் செய்த துகளாக இருந்தால் பிரிடினில் ஊறவைத்து மேற்பரப்பு மாங்கனீசைக் கழற்றுவது வழக்கம். போட்ட அளவை அப்படியே ஆய்வேட்டில் 'மாங்கனீசு 3%' என்று எழுதாதீர்கள், உள்ளே போனது அதில் ஒரு பங்காகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இ.பி.ஆர். கருவி, அதாவது இணை சேராத எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கும் கருவி, கிடைத்தால் இன்னும் நல்லது. மாங்கனீசு கருவின் சுழற்சி 5/2, அதனால் ஆறு கோடுகள் வரும். கோடுகளுக்கு இடையே 70 காஸ் அளவில் இருந்தால் ஜிங்க் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, 90-ஐ ஒட்டி இருந்தால் மேற்பரப்பு. ஆறும் தெரியாமல் ஒரே அகலமான மேடு மட்டும் வந்தால் மாங்கனீசுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. எக்ஸ்.ஆர்.டி.யை (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) வைத்து மட்டும் 'டோப்பிங் ஆகிவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். 3 நானோமீட்டர் துகளில் உச்சிகள் அவ்வளவு அகலமாக இருக்கும், 2% மாங்கனீசு நகர்த்துகிற நகர்வு அதற்குள் தொலைந்து போகும்.

600-இல் ஊசி போல ஒரு உச்சி, ரொம்ப அழகாக

அழகாக இருப்பதுதான் சந்தேகத்துக்கு இடம். 300 நானோமீட்டரில் தூண்டினால், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கிற கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசையில் அதே ஒளி இரு மடங்கு அலைநீளமான 600-இல் வந்து நிற்கும், மாங்கனீசு வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே. நிஜமான மாங்கனீசு உச்சி பாதி உயரத்தில் 50 நானோமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கும், ஊசியாக வராது. தூண்டலை 310-க்கு மாற்றுங்கள். உச்சியும் 620-க்கு ஓடினால் அது விளக்கொளி, அங்கேயே நின்றால் மாங்கனீசு. டிடெக்டருக்கு முன்னால் 400-க்குக் கீழே வெட்டுகிற வடிகட்டி ஒன்றை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. இந்த ஊசியை மாங்கனீசு என்று நம்பி எழுதிய ஒரு வரைவு என் மேசைக்கு வந்திருக்கிறது, எழுதியவர் கெட்டிக்காரர், யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. மாங்கனீசின் ஒளிர்வு மில்லிசெகண்ட் கணக்கில் மெதுவாக அணையும், நீலம் நானோசெகண்ட் கணக்கில் போய்விடும். உங்கள் ஃபுளூரிமீட்டரில் (ஒளிர்வை அளக்கும் கருவியில்) மினுக்கு விளக்கு இருந்தால், 0.1 மில்லிசெகண்ட் தாமதம் வைத்து அளவெடுங்கள், நீலமும் சிதறலும் மறைந்து மாங்கனீசு மட்டும் நிற்கும். 1994-இல் பார்கவா குழு இந்தத் துகள்களை உலகுக்குக் காட்டியபோது 18% ஒளிர்வுத் திறனோடு, ஒளிர்வின் ஆயுளும் (அணைய எடுக்கும் நேரம்) நானோசெகண்டுக்குக் குறைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பெரிய பரபரப்பு. 1998-இல் உட்ரெக்ட்டில் போலும் மெய்யரிங்கும் அளந்து பார்த்தபோது மாங்கனீசின் ஆயுள் மில்லிசெகண்டாகவே இருந்தது, வேகமாக அணைந்தது அதன் அடியில் கிடந்த வேறு ஒளி. அந்த அளவுக்குத் தேர்ந்தவர்களையே குழப்பிய இடம் இது, தாமதம் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவதில் தவறே இல்லை.

நேற்று வந்தது இன்று வரவில்லை, அதே செய்முறைதான்

சோடியம் சல்பைடு டப்பாவைத் திறந்து பாருங்கள். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் அந்தப் படிகங்கள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சளாகி, டப்பாவின் அடியில் கஞ்சி மாதிரி நிற்கும். மஞ்சள் என்றால் பாலிசல்பைடு சேர்ந்துவிட்டது. நீங்கள் 100 மி.லி.க்கு 2.4 கிராம் எடைபோட்டு 0.1 மோலார் என்று எழுதியிருப்பீர்கள், அதில் சல்பைடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது அந்த டப்பாவுக்குத்தான் வெளிச்சம். நிறமில்லாத படிகங்களாகப் பொறுக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை சட்டென்று அலசி, வடிதாளில் ஒற்றி, உடனே எடைபோடுங்கள். கரைசலை அன்றன்றைக்குச் செய்யுங்கள், அயோடின் தரம்பார்த்தல் ஒருமுறை செய்தால் நிஜமான வலிமை தெரிந்துவிடும். மிஞ்சிய சல்பைடு கழிவில் யாரும் அமிலம் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு வரும், அது கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடைகூடத் தெரியாது.

அப்புறம் வெப்பநிலை. ஆய்வுக் கட்டுரையில் 'அறை வெப்பநிலை' என்றால் 25 டிகிரி. நம் அறை சித்திரையில் 36, 37-இல் நிற்கும், கரண்ட் போய் மின்விசிறி நின்றால் இன்னும் மேலே. துகள் வளர்கிற வேகமே மாறிவிடும். தொட்டித் தண்ணீரில் குடுவையை உட்காரவைத்து, தெர்மாமீட்டர் போட்டு, எந்த டிகிரியில் செய்தோம் என்று நோட்டில் எழுதுங்கள்.

முதலில் ஆரஞ்சு, ஒரு மணி நேரத்தில் பழுப்பு

காற்று புகுந்துவிட்டது. காரக் கரைசலில் மாங்கனீசு ஹைட்ராக்சைடு ஆக்ஸிஜனைக் கண்டதும் பழுப்பாகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, நைட்ரஜனில் ஆறவைத்து, காரம் சேர்ப்பதற்கு முன்பே நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பழுப்பானதைத் திருப்ப முடியாது, புதிதாகச் செய்யுங்கள்.

ஒளிர்கிறது, ஆனால் எப்போதுமே மங்கல்

தண்ணீர். போர் தண்ணீரை ஒருமுறை மட்டும் வடித்துப் பயன்படுத்தினால் இரும்பு தப்பி வர வாய்ப்பு உண்டு. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் ஜிங்க் சல்பைடு ஒளிர்வைக் கொல்லும் உலோகங்கள், பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே போதும். இரண்டு முறை வடித்த தண்ணீர் எடுங்கள், துருப்பிடித்த ஸ்டீல் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறுங்கள்.

மங்கலுக்கு இன்னொரு காரணம் அதிகமாக அலசுவது. ஒவ்வொரு முறை சென்ட்ரிஃபியூஜில் சுற்றும்போதும் மேலே மூடியிருக்கிற மெர்காப்டோ அமிலம் கொஞ்சம் கழன்று போகும், வெறுமையான இடத்தில் ஆற்றல் ஒளியாகாமல் வீணாகும். எத்தனாலில் ஒன்று அல்லது இரண்டு சுற்று போதும்.

மாங்கனீசைக் கூட்டினால் ஒளி குறைகிறது

இதை ஒருமுறை தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் மறக்காது. 3 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளில் சுமார் 350 ஜிங்க் அணுக்கள்தான் இருக்கின்றன, அதிலும் ஏறக்குறைய பாதி மேற்பரப்பில். 1% என்றால் மூன்று, நான்கு மாங்கனீசு. 10% என்றால் முப்பத்தைந்து, அவ்வளவு சின்ன உருண்டைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், ஆற்றல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி ஏதாவது ஒரு குறையில் விழுந்து அணைந்துவிடும். ரொம்பக் குறைத்தாலும் சிக்கல்: சராசரியாகத் துகளுக்கு ஒரு மாங்கனீசு என்று வைத்தால், சராசரிதானே, 37% துகள்களில் ஒன்றுகூட இருக்காது, அவையெல்லாம் நீலமாகத்தான் எரியும். அதனால் 0.5, 1, 2, 4, 6 என்று ஒரே நாளில், ஒரே சல்பைடு கரைசலில் வரிசையாகச் செய்து உச்சம் எங்கே என்று பாருங்கள். வேறு வேறு நாளில் செய்ததை ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

எல்.இ.டி. சிப்பின் மேல் தடவினேன், நிறம் மாறவில்லை

கடையில் கிடைக்கிற வெள்ளை எல்.இ.டி.யின் அடியில் இருப்பது 450 நானோமீட்டர் நீலச் சிப். ஜிங்க் சல்பைடு அதைத் தொடவே தொடாது, முதல் கோளாறில் சொன்ன அதே கதை. 365 சிப்பும் உதவாது. சிப்பின் மேல் தடவத்தான் வேண்டும் என்றால் ஜிங்க் செலினைடுக்கு மாறுங்கள். அதன் பட்டை இடைவெளி பெரிய படிகத்தில் 2.7 எலக்ட்ரான் வோல்ட், நானோ துகளாக 400 பக்கம் உறிஞ்சும், 395 அல்லது 405 சிப்போடு ஒத்துப்போகும். உறிஞ்சுவது ஓர் இடம், ஒளிர்வது வெகு தூரத்தில், அதனால் தன் ஒளியைத் தானே விழுங்குகிற குறை இந்த டோப் செய்த துகள்களில் இல்லை. எல்.இ.டி.க்கு இவற்றை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் குணத்துக்காகத்தான்.

சிலிக்கோனில் கலந்து ஊற்றி, இரவு முழுக்க அடுப்பில் வைத்தும் பிசுபிசுவென்று இருந்தால் அடுப்பைக் குறை சொல்ல வேண்டாம். பிளாட்டினம் வினையூக்கியில் இறுகுகிற சிலிக்கோனை, துகளின் மேலிருக்கிற கந்தகமும் அமீனும் நஞ்சாக்கிவிடும், பிளாட்டினம் செத்தபின் எத்தனை மணி நேரம் சூடாக்கினாலும் இறுகாது. யு.வி.யில் இறுகும் அக்ரிலிக் பிசினுக்கு மாறுங்கள்.

மின்சாரம் கொடுத்து நேரடியாக ஒளிரவைக்கிறேன், நீலம்தான் வருகிறது அல்லது சீக்கிரம் நின்றுவிடுகிறது

ஐ.டி.ஓ. கண்ணாடி (மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சு உள்ளது), அதன் மேல் பெடாட் என்கிற கடத்தும் பாலிமர், துளை, அதாவது நேர் மின்சுமை, கடத்தும் இன்னொரு பாலிமர், துகள் அடுக்கு, ஜிங்க் ஆக்சைடு, அலுமினியம் என்று அடுக்கியிருப்பீர்கள். வோல்டேஜ் வைத்ததும் மின்னோட்டம் சர்ரென்று ஏறி ஒளி இல்லையென்றால் ஊசித்துளை, அதாவது தூசி. பூசுவதற்கு முன் பெடாடை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விடுங்கள், பூசும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. நீலம் வந்தால் எலக்ட்ரான் துகள் அடுக்கைத் தாண்டி ஓடிப்போய்ப் பாலிமரில் ஒளிர்கிறது, துகள் அடுக்கு மெலிசு அல்லது ஓட்டை.

ஆரஞ்சு நன்றாக ஆரம்பித்து, மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட ஏறாமல் நின்றுவிட்டால், அதில் உங்கள் கைப்பிழை எதுவும் இல்லை. மாங்கனீசு ஒருமுறை ஒளிர்ந்துவிட்டு அடுத்ததுக்குத் தயாராக ஒரு மில்லிசெகண்ட் எடுக்கும் என்றால் விநாடிக்கு ஆயிரம் ஃபோட்டான்தான் தரும். 3 நானோமீட்டர் துகள் ஒரே அடுக்காக நெருக்கி நின்றால் சதுர செ.மீ.க்குப் பத்து லட்சம் கோடி துகள், துகளுக்கு மூன்று மாங்கனீசு, பெருக்கிப் பாருங்கள், சதுர செ.மீ.க்கு 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே அந்த அடுக்கு நிரம்பிவிடும். அதற்கு மேல் கொடுக்கிறது சூடாகத்தான் போகும். 1974-இல் ஷார்ப்பில் இனோகுச்சி குழு மாங்கனீசு கலந்த ஜிங்க் சல்பைடில் நீடித்து ஒளிரும் திரையைக் காட்டியபோது அது நானோ துகள் இல்லை, இரண்டு மின்காப்பு அடுக்குகளுக்கு நடுவே வைத்த, துகள் அடுக்கைவிடப் பல மடங்கு தடித்த படலம், மாறுதிசை மின்சாரம், ஒளிர மாங்கனீசு ஏராளம். நேரடி மின்னொளிர்வில் பிரகாசம் வேண்டும் என்றால் மாங்கனீசை விட்டுவிட்டு மைக்ரோசெகண்டில் அணைகிற செம்பு டோப்பிங்கைப் பாருங்கள், மாங்கனீசை 405 சிப்பின் மேல் நிறம் மாற்றுகிற வேலைக்கு வையுங்கள்.

மறுநாள் பார்க்கும்போது ஒளிர்கிற சதுரத்தில் கறுப்புப் புள்ளிகள் பூத்திருந்தால் ஈரம் அலுமினியத்துக்குள் இறங்கிவிட்டது. பெடாட் பூசியபின் 120 டிகிரியில் பதினைந்து நிமிடமாவது உலர்த்துங்கள், அலுமினியம் படிந்த அன்றைக்கே மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து நாலு ஓரமும் எபாக்சி போட்டு அடையுங்கள். மழைக்காலத்தில் இதை அடுத்த நாளைக்குத் தள்ளிவைக்கவே வேண்டாம்.